சேதுவில் ஒரு சத்திரம்

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஜப்பானில் உத்தியோகம் பார்க்கிறான். பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தை மாட்டி ஜப்பானைக் காட்டச் சொன்னபோது மடகாஸ்கரின் மேல் விரலை வைத்தவன் அவன். அந்தத் தேசத்திலேயே போய் ஜீவனம் நடத்தப் போகிறான் என்று அன்று யார் கண்டார்கள்? சென்ற பொங்கலுக்கு அவனிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வந்தது. விடுமுறையில் ஷிகோக்கு என்னும் தீவுக்குப் போய், ஒரு மலைக் கிராமத்துச் சிறு விடுதியில் இரண்டு நாள் தங்கினானாம். கடிதம் முழுவதும் அந்த விடுதியின் புராணந்தான்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். விடுதிக்கார அம்மாள் மண்டியிட்டு வணங்கி வரவேற்கிறாள். அறையில் கட்டில் கிடையாது, நாற்காலி கிடையாது. தரை முழுவதும் கோரைப் பாய். பகலில் அதே அறை கூடம், இரவில் மெத்தையை விரித்தால் படுக்கையறை, காலையில் மெத்தையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டால் மறுபடி கூடம். குளிப்பதற்கு ஒரு வெந்நீர்த் தொட்டி. வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும், ஏனென்றால் அடுத்தவருக்கும் அதே நீர். சாப்பாடு அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் சமைத்த பதார்த்தம். புறப்படும்போது அந்த அம்மாள் தெருக்கோடி திரும்பும் வரையில் வாசலில் நின்று கையசைத்தாளாம்.

அந்தத் தீவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை ஒன்று உண்டு. 774-ம் ஆண்டில் பிறந்து 835-ல் மறைந்த கூகாய் என்ற மகானின் பெயரால் நடப்பது. சுமார் 1,200 கிலோமீட்டர் வழி. யாத்திரிகர்களுக்கு வழியிலுள்ள ஜனங்கள் ஆரஞ்சுப் பழமோ, தேநீரோ, காசோ கொடுக்கிறார்கள். இதற்கு ஒசெத்தாய் என்று பெயர். மறுக்கக் கூடாது, வாங்கிக்கொண்டு, தன் பெயரெழுதிய சிறு காகிதச் சீட்டு ஒன்றைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். காசு வாங்காமல் படுக்க இடம் கொடுக்கும் தர்மக் கொட்டகைகளும் சில இடங்களில் இருக்கின்றனவாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசி வரியில், "ஐயா, நம் ஊரில் ஏன் இந்த மாதிரி ஒன்றும் இல்லை?" என்று கேட்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. சரித்திர பாடம் நடத்திப் பிழைக்கிறவனுக்கு வராமல் என்ன செய்யும்? தஞ்சாவூரிலிருந்து சேதுக்கரை வரையில் ஒரு நாள் நடைக்கு ஒரு சத்திரமாகக் கட்டி வைத்த தேசம் அல்லவா இது! மராட்டிய மன்னர்களும் ராமநாதபுரம் சேதுபதிகளும் போட்டி போட்டுக்கொண்டு செய்த தர்மம் அது. சரபோஜி மகாராஜா 1801-ம் ஆண்டில் தஞ்சை ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தம் சத்திரங்களின் நடைமுறையை விவரித்திருக்கிறார். எந்த ஜாதியாராயினும் எந்தச் சமயத்தவராயினும் வந்தவருக்கெல்லாம் சோறு, நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவி அழைப்பு, வியாதியஸ்தருக்கு வைத்தியம், கர்ப்ப ஸ்திரீகளுக்குப் பிரசவ காலம் வரையில் பராமரிப்பு, அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு. இத்தனையும் கேட்டால் ஜப்பான்காரனே தொப்பியைக் கழற்றுவான். ஆனால் அந்தக் கடிதத்திலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் சாமான்களுமாகக் கொடுக்கப்பட்டனவாம். அடுப்படியில் நின்றது யார், பந்தியில் பக்கத்து இலையில் இருப்பது யார் என்ற கேள்விகள் அன்றும் சத்திரத்துக்குள்ளேயே குடியிருந்தன.

பையனுக்கு உடனே பதில் எழுதவில்லை. சென்ற ஆவணி மாதம் என் தாயாரை அழைத்துக்கொண்டு ராமேசுவரம் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு சத்திரத்தில் தங்கிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வயது 76. எங்கள் குலத்தைச் சேர்ந்த சில பெரியவர்கள் சுமார் நூறு வருஷத்துக்கு முன் அந்தத் தீவில் கட்டிய சத்திரம் ஒன்று இருக்கிறது. தாத்தா, அதாவது அம்மாவின் தகப்பனார், 1946-ல் அங்கே தங்கியிருந்தார். ஆகவே தானும் அங்கேதான் தங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டாள்: "அக்கா வந்தால்தான் நான் வருவேன்."

இந்த அக்கா யார் என்று சொல்ல வேண்டும். தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவரின் மகள். வயது 80. ஊருக்கு அப்பாலிருந்த தெருவில் பிறந்து, அம்மாவைச் சிறு வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அம்மாவை இன்றைக்கும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அம்மா அவளை அக்கா என்று அழைத்ததற்காக வீட்டில் அடி வாங்கியதும் உண்டாம், அழைப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அவள் பெரியம்மா.

1946-ல் நடந்தது இதுதான். தாத்தா ராமேசுவர யாத்திரை புறப்பட்டபோது பண்ணையாளும் கூடப் போனார். அனந்தபுரத்திலிருந்து விழுப்புரம் ஸ்டேஷன் வரையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் அவர். அங்கிருந்து ரயிலில் மூட்டையைச் சுமந்துகொண்டு தீவு வரையில் போனார். சத்திரத்து வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். தாத்தா உள்ளே கூடத்தில் படுத்தார். அவர் எதிர்ச்சாரியில் ஒரு சுவரோரமாகப் படுத்தார். சோறு இலையில் வைத்து வெளியே கொண்டுவந்து வைக்கப்பட்டது. இரவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. காலையில் தாத்தா எழுந்து வந்து, "நனைந்துவிட்டாயே" என்றாராம். அதற்கு அவர், "ராமரே கடற்கரையிலே தருப்பைப் புல்லில்தானே படுத்தாருங்க" என்றாராம். திருப்புல்லாணிக் கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது. பரிகாசமாகச் சொன்னாரா, சமாதானமாகச் சொன்னாரா என்பது தாத்தாவுக்குக் கடைசி வரையில் விளங்கவில்லை. சாகும் வரையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார் என்று அம்மா கூறுவாள். பண்ணையாள் திரும்பும்போது, ஊரில் விட்டுவந்த கைக்குழந்தைக்குப் பால் புகட்ட ஒரு சிறு சங்கு வாங்கி வந்தார். அந்தக் கைக்குழந்தைதான் பெரியம்மா. அவளுடைய நான்கு பிள்ளைகளும் அந்தச் சங்கில்தான் பால் குடித்தார்கள்.

இரவு விழுப்புரத்தில் வண்டி ஏறினோம். விடியும் நேரத்தில் மண்டபம் கடந்து பாம்பன் பாலத்தின் மேல் ரயில் மெதுவாக ஊர்ந்தது. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றுவிட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. பழையதில் கப்பல் வந்தால் நடுப்பாகம் இரண்டு கதவுகளைப் போல் மேலே பிளந்து திறக்கும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக உயர்கிறது. பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரு புறமும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அப்பா இதிலேயா வந்தாரு, தம்பி?"

"பழைய பாலத்தில் வந்தார், பெரியம்மா."

"பயந்திருப்பாரு" என்றாள்.

சத்திரம் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இருக்கிறது. முன்னால் திண்ணை, ரேழி, அப்பால் நாற்புறமும் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், முற்றத்து மூலையில் கிணறு. தாழ்வாரத்தை ஒட்டி எட்டு அறைகள். கட்டில் இல்லை, பாயும் தலையணையும் ஒரு போர்வையும் உண்டு. அறைச் சுவரில் ஒரு மாடம், ஒரு கொடிக்கயிறு. என் மாணவன் ஜப்பானில் கண்டு அதிசயித்தானே, பகலில் கூடம் இரவில் படுக்கையறை என்று, அந்த வித்தையை நம் பாட்டன்மார் ஒரு பாயை வைத்துக்கொண்டே செய்திருக்கிறார்கள்! கிணற்று நீர் சிறிது உவர்ப்பு. குடிப்பதற்கு ஒரு தவலையில் வேறு நீர்.

மணியக்காரர் அறுபது வயது மனிதர். சமையலும் அவரே, முன்பெல்லாம் தனியாகத் தவசிப்பிள்ளை இருந்தாராம், இப்போது சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தார். பெரியம்மாவை நிமிர்ந்து நோக்கி, "நீங்க எந்த ஊர்?" என்றார்.

"அனந்தபுரம்."

"அது சரி. அனந்தபுரத்திலே யார் வீடு?"

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மாவுக்கும் தெரியும். "இவங்க வீட்டுக்கு வேலை செஞ்சவங்க வீடு" என்று நிதானமாகச் சொன்னாள்.

மணியக்காரர் முகம் சுளிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். "தாராளமாகத் தங்கலாம். இப்போ எல்லாரும்தான் வர்றாங்க. ஆனா கணக்கு மட்டும் வேறே. நம்மவங்களுக்கு நாளைக்கு 200 ரூபாய். வெளியாருக்கு 800. சாசனத்திலே அப்படி இருக்கு" என்றார். 1955-ம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலைகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அங்கே தீண்டாமையைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது. இங்கே தடுக்கவில்லை. கூடுதலாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்; எந்த வெளியாருக்கும் அதே தொகை. வாதாடினால் மணியக்காரர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. தம் குலத்தாருக்கென்று பணம் போட்டுக் கட்டியவர்கள் தம் குலத்தாருக்குச் சலுகை கொடுத்தார்கள்.

நான் இந்த ரீதியில் யோசித்துக்கொண்டு நிற்கையில் அம்மா முந்தானையில் முடிந்திருந்த நோட்டுகளை அவிழ்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் வெளியார் கணக்கே போடுங்க."

"நீங்க நம்மவங்கதானே, அம்மா? எதுக்கு வீணா?"

"பரவாயில்லை, போடுங்க. வாத்தியாருக்கு மட்டும் வேணும்னா உங்க கணக்கு போட்டுக்குங்க."

எனக்கும் வெளியார் கணக்கே போடச் சொன்னேன் என்பதை இங்கே குறிப்பிடுவது என் மானத்துக்கு அவசியமாகிறது. பெரியம்மா மட்டும் அந்தக் கணக்கைக் கேட்டுத் திகைத்துப்போய், "இந்தப் பாய்க்கு எண்ணூறா? பாப்பா, நீ சின்ன வயசிலேயே காசை இறைப்பே" என்று மாலை வரையில் முணுமுணுத்தாள்.

கோயிலைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்த இதழ் முழுவதும் போதாது. வெளிப் பிராகாரத்தின் தூண் வரிசையைக் கண்டவர்களுக்கு வர்ணனை தேவையில்லை. காணாதவர்களுக்கு வர்ணனை பயன்படாது. 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக இறைத்துத் தலையில் கொட்டுகிறார்கள். அம்மா ஏழாவது கிணற்றிலேயே தும்மத் தொடங்கி ஒதுங்கிவிட்டாள். பெரியம்மா 22-ஐயும் முடித்துக்கொண்டு, ஈரப் புடவையுடன், "அவ்வளவுதானா?" என்றாள்.

பிற்பகலில் தனுஷ்கோடி சென்று வந்தோம். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்துப் போன ஊர். பாம்பனிலிருந்து வந்த பயணி ரயிலைக் கடல் அப்படியே வாரிக்கொண்டது. அதுவரையில் இலங்கைக்குப் போகிறவர்கள் அங்கேதான் ரயிலைவிட்டு இறங்கித் தலைமன்னார்க் கப்பல் ஏறுவார்கள். இப்போது இடிந்த சுவர்கள்தாம் மிச்சம்.

நடை யாத்திரைக்கு ஏற்பட்ட சத்திரங்களின் கதை வேறு விதம்; அவற்றை எந்தப் புயலும் அடித்துக்கொண்டு போகவில்லை. ரயில் வந்ததும் ஒரு நாள் நடைத் தூரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று. வழிச் சத்திரங்களில் இறங்குவார் இல்லை. 1988-ல் தீவுக்கு மோட்டார்ப் பாலமும் திறந்த பின், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பெருகினார்கள். தங்குகிறவர்களுக்குக் குளிர்சாதன லாட்ஜுகள் இருக்கின்றன. இவரும் இன்னும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாரோ என்று நான் எண்ணும்படி, சாயங்காலம் மணியக்காரர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தன்னந்தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. சோறு, கீரை மசியல், புளிக்குழம்பு, மோர். கூடத்தில் ஒரே வரிசை. முழங்கால் மடங்காதவர்களுக்குப் பெஞ்சு. ரசம் இல்லை என்பது பெரியம்மாவின் குறை. ஒன்பது மணிக்கு அடுப்பை அவித்து, வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாயிற்று.

பத்தரை மணிக்குக் கதவு தட்டும் ஓசை கேட்டது. மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு குடும்பம். கிழவர், கிழவி, மகன், மருமகள், தூக்கத்தில் துவண்ட இரண்டு குழந்தைகள். அவர்கள் வந்த வேன் வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். கிழவர் கையில் கங்கை நீர் நிறைந்த பித்தளைச் செம்புகள் அடங்கிய பை. சேது மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தியாகும் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். அவர்கள் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தார்கள். மருமகள் தயங்கித் தயங்கி இந்தியில் ஏதோ கேட்டாள். குழந்தைகளுக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறாள் என்பதை அறிய மொழி தெரிய வேண்டியதில்லை.

சத்திர விதிப்படி அடுக்களை மூடியாயிற்று. லாட்ஜாக இருந்தால், "இனிமேல் ஒன்றும் கிடையாது" என்று சொல்லி அறைச் சாவியை நீட்டியிருப்பார்கள். அதில் குற்றமும் இல்லை. மணியக்காரர் ஒன்றும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உக்கிராண அறையைத் திறந்து ரவை டப்பாவை எடுத்தார். எண்ணூறு ரூபாய்க் கணக்குச் சொன்ன அதே மனிதர்தாம்.

ஆறு பேருக்கு உப்புமா கிண்ட ஒற்றைக் கை போதாது. அம்மா விழித்துக்கொண்டு எழுந்து வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். பெரியம்மா அடுக்களை வாசற்படியண்டை நின்றாள். உள்ளே போகவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ! அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த மணியக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னாம்மா அங்கேயே நிக்கிறீங்க? இந்தத் தேங்காயைத் துருவிக் கொடுங்க, சட்னிக்கு ஆவட்டும்" என்றார்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெங்காயத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. பெரியம்மா உள்ளே போய், அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து தேங்காயைத் துருவினாள். அம்மியில் சட்னியையும் அவளே அரைத்தாள். மிளகாய் போதாது என்று மணியக்காரருடன் அதற்குள் ஒரு சிறு தகராறு வேறு. உப்புமா வெந்ததும் பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று தமிழிலேயே உபசரித்து, குழந்தைகளின் தட்டில் தன் கையாலேயே எடுத்து வைத்தாள். கிழவர் கை கூப்பினார். பெரிய குழந்தை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டது.

நான் அந்தக் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, எதிர்ச்சாரிச் சுவர் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புறப்படும்போது மணியக்காரர் ரசீது எழுதினார். மூன்று பேருக்கும் வெளியார் கணக்குத்தான். ஒரு காசு குறைக்கவில்லை. "ராத்திரி அந்த அம்மா வேலை செஞ்சதுக்கு வேணும்னா சாப்பாட்டுக் காசைக் கழிச்சுடட்டுமா?" என்றார். பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "கணக்கு எழுதறவன் நான், சாசனம் எழுதினவன் நான் இல்லே. டிரஸ்டிகளுக்கு ஒரு கடுதாசு போடுங்க, வாத்தியார்" என்றார் என்னிடம். ஊருக்கு வந்ததும் போட்டேன். இரண்டு கணக்கையும் ஒன்றாக்கி 400 ரூபாய் என்று வைத்தால் சத்திரத்துக்கு நஷ்டம் வராது என்று வரும்படிக் கணக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஜப்பானுக்கும் எழுதிவிட்டேன், நம் ஊரில் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன் என்று.

மராட்டியக் கிழவி எங்களை வாசல் வரையில் வந்து வழியனுப்பினாள். பையிலிருந்து மூடி பற்றவைத்த ஒரு சிறு கங்கைச் செம்பை எடுத்துப் பெரியம்மாவின் கையில் வைத்து மூடினாள். பெரியம்மா மறுக்கவில்லை, பதிலுக்குக் கொடுக்க ஏதும் இல்லாமல், இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பாக்குப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

விழுப்புரத்தில் இறங்கி அனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் செம்பு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. பூஜை அறை இருக்கிற வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்சி.

"உன் வீட்டிலேயே இருக்கட்டும், அக்கா. எனக்குக் கடைசிக் காலத்திலே ஒரு வாய் தண்ணி வேணும்னா, நீதான் கொண்டுவரணும்" என்றாள் அம்மா.

"நான் உனக்கு முன்னாடி போயிடுவேன் பாப்பா. எனக்கு நாலு வயசு ஜாஸ்தி" என்றாள் பெரியம்மா. சொல்லிவிட்டுச் செம்பைத் துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.